ஊக்கு குத்திய செருப்பு

என் அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய வீடியோ கேசட்டுகளுக்குப் பக்கத்தில், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருக்கிறது. நீல வார். ஒன்பது வயதுக் குழந்தையின் கால் அளவு. இடது செருப்பைத் திருப்பிப் பார்த்தால், வாரின் குமிழ் துளையிலிருந்து நழுவி வந்துவிடாதபடி அடிப்பக்கத்தில் ஓர் ஊக்கு குத்தியிருக்கும். வீடு மாறும்போதெல்லாம் யாராவது அதைத் தூக்கிப் பிடித்து, "இதையுமா எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்பார்கள். ஒரு நடிகை போட்ட செருப்பு என்பேன். பொய்யில்லை. நடிகைக்கு வயது ஒன்பது, அவள் நடித்தது ஒரே ஒரு படம், அந்தப் படம் பதினான்கு நிமிடம் ஓடும்.

அப்போது நான் சென்னையில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஆளுக்கொரு குறும்படம் எடுத்தால்தான் பட்டம். வகுப்பில் பாதிப் பேர் காதல் தோல்வியையும் மீதிப் பேர் பேயையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் வேறு ரகம் என்று காட்டிக்கொள்ள எனக்கு ஆசை. வளர்ப்புக் குழந்தை ஒருத்தியைப் பற்றி எடுக்கப்போவதாக அறிவித்தேன். யாரிடமும் ஒட்டாத, மனசைத் திறக்காத ஒரு சிறுமி ஒரு வீட்டுக்கு வருகிறாள், கடைசியில் அந்த வீட்டு அம்மாவை "அம்மா" என்று கூப்பிடுகிறாள், அவ்வளவுதான் கதை. சொந்தமாக யோசித்தது என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். அது என் அக்காவின் கதை. அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா எங்கள் வீட்டில் பிறந்தவள் இல்லை. எனக்கு ஏழு வயது இருக்கும்போது திருத்தணியில் மலையடிவாரத் தெரு ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. ஒரு சாயங்காலம் லோக்கல் ரயிலில் வந்து இறங்கிய நைனாவுக்குப் பின்னால், அவர் கையைப் பிடித்துக்கொள்ளாமல், இரண்டடி தள்ளி ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி நடந்து வந்தாள். கூட வேலை செய்தவரின் மகள். அவள் அம்மா இறந்துபோயிருந்தார். அப்பாவுக்கு வடக்கே எங்கோ மாற்றல். சொந்தக்காரர்கள் வீடு மூன்றில் ஆளுக்குச் சில மாதம் வைத்திருந்துவிட்டு, பிறகு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தார்கள். "கொஞ்ச நாளிக்கு நம்ம வீட்ல இருக்கட்டும்" என்றார் நைனா. அம்மா மறுபேச்சுப் பேசாமல் இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள். அந்தக் கொஞ்ச நாள் அவள் கல்யாணம் வரைக்கும் நீண்டது.

வந்த புதிதில் அவள் இருந்த விதம் இப்போதும் எனக்கு அப்படியே தெரிகிறது. கரண்டி இரண்டாவது முறை சோற்றுப் பக்கம் போவதற்குள் "போதும்" என்பாள். தட்டை யாரும் தொடுவதற்கு முன் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். யாரையும் முறை சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவுக்கு எதிரில் போய் நிற்பாள், அம்மா நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பாள், பிறகு சொல்வாள். எல்லாவற்றையும்விட எனக்கு விசித்திரமாக இருந்தது அவள் செருப்பு. எங்கள் செருப்பெல்லாம் வாசலில் கன்னாபின்னாவென்று கிடக்கும். அவளுடையது மட்டும் அங்கே இருக்காது. நீல வார் வைத்த பழைய ரப்பர் செருப்பு, அடியில் ஊக்கு குத்தியது. அதைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி, பாயில் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். முதல் வாரமே அம்மா புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனாளே தவிர, தலைமாட்டில் இருந்தது பழசுதான்.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அதுவரை வீட்டில் ஒரே பிள்ளை நான். அம்மா அவளுக்கு முதலில் தலை பின்னிவிட்ட ஒரு காலையில் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரம், அந்தக் காகிதத்திலிருந்து ஊக்கு குத்திய செருப்பை மட்டும் எடுத்து, வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த விறகுக்குள் செருகிவிட்டேன். அவள் அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யாரிடமும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போய் வந்து, மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், வீடு அமளிப்பட்டது. நைனா கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தார். அம்மா அரிசி டிரம்மை நகர்த்தினாள். எங்கே நாளைக்கு அது வெந்நீர் அடுப்புக்குள் போய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஓடிப்போய் விறகை விலக்கி, "கெடச்சிடுச்சி!" என்று கத்தினேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, கெட்டிக்காரி என்று வெல்லக்கட்டி கொடுத்தாள். அந்த வெல்லத்தின் ருசி இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து நடந்ததுதான் எங்கள் வீட்டின் புகழ்பெற்ற கதை. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் என் செருப்பு வார் பிடுங்கிக்கொண்டது. தெருவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்று, "அம்மா! பாப்பா செருப்பு பிஞ்சிபோச்சிம்மா!" என்று குரல் கொடுத்தாள். வந்து ஐந்து மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் "அம்மா" அதுதான். அடுப்பில் கிடந்ததை அப்படியே விட்டுவிட்டு அம்மா ஓடிவந்தாள். என் செருப்பை யாரும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அம்மா அந்தக் கதையைச் சொல்லாத வீடு எங்கள் தெருவில் இல்லை. "தங்கச்சி அழுவறத பாத்து தாங்கல புள்ளைக்கு. அவளுக்காகத்தான் வாயத் தொறந்தா" என்று முடிப்பாள், கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இந்தக் கதையைத்தான் நான் என் படத்தின் உச்சக் காட்சியாக எழுதி வைத்திருந்தேன். சோற்றை, தட்டை, தலைமாட்டுச் செருப்பை, ஊக்கை எல்லாவற்றையும் எழுதினேன். விறகை மட்டும் எழுதவில்லை.

கேமரா பிடிக்க ஒப்புக்கொண்ட வகுப்புத் தோழன் சென்னைக்காரன், வாய்த்துடுக்கு. கதையைப் படித்துவிட்டு, "உன் பொண்ணு ஆறு எடத்துல ஜன்னல் வழியா பாக்குறா. ரெண்டு எடத்துல கண்ணீர் வழியுது. மத்த நேரத்துல என்னதான் பண்றா?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. உணர்ச்சி தெரியாத ஜடம் என்று அவனைத் திட்டினேன். ஆனால் தாள்களைத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். நான் எழுதிய சிறுமி பாவமாக இருந்தாள். பாவமாக இருப்பதைத் தவிர அவள் வேறெதுவும் செய்யவில்லை. கல்லூரி இரண்டு நாளைக்குக் கேமரா கொடுத்தது. கிருத்திகை என்று கூடப் பார்க்காமல் தேதி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து இறங்கினோம். மலையடிவாரத்தில் பிறந்த எனக்கு இது தெரியாமல் போனதற்கு அம்மா இன்றும் கேலி செய்வாள். முதல் நாள் ஒவ்வொரு ஷாட்டிலும் "அரோகரா" புகுந்தது. காவடி ஒன்று போய் அமைதியானால் இன்னொரு காவடி வந்தது. தோழன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்க முருகன்கிட்ட ஒரு டயலாக்காவது எழுதிக் குடுத்துடு" என்றான்.

அதற்குமேல் ஒரு தலைவலி. நடிக்க வந்தவள் தெருக்கோடிப் பூக்காரம்மாவின் மகள். மூன்றாம் வகுப்பு. கேமராவைப் பார்த்தாலே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சோகமாக இரு என்றால் உதட்டைப் பிதுக்குவாள், அடுத்த நொடி தன் பிதுக்கலுக்கே சிரிப்பாள். மதியம்வரை ஒரு ஷாட் உருப்படியாக வரவில்லை. அந்த நேரத்தில் பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள் அக்கா. கைக்குழந்தை, தூக்குச்சட்டி நிறைய புளிச்சோறு, பின்னாலேயே வண்டியில் அவள் வீட்டுக்காரர், எங்கள் பாவா. "ஒன்ன வச்சி படம் எடுக்கறா" என்று அம்மா பக்கத்து வீட்டுப் போனில் ஒலிபரப்பியிருந்தாள். அக்கா குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கதைத் தாள்களை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தாள். அவள் முகம் கோணினால் படத்தை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டு எதிரிலேயே நின்றேன்.

கோணவில்லை. பாதியில் சிரிக்க ஆரம்பித்தாள். "நம்ம வூட்ல ஜன்னல் ஏதுடி? இருந்தது ஒண்ணு, அதுலயும் நைனா சட்ட தொங்கிகினு இருக்கும்" என்றாள். கடைசித் தாளை மடித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "யாரு இந்தப் பொண்ணு? இவ்ளோ நல்லவளா இருக்கறா?"

அவள் எழுந்துபோய் பூக்காரம்மா மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "நீ சோகமால்லாம் இருக்காத கண்ணு. சிரிப்பு வந்தா சிரிச்சிக்கோ. ஆனா வூட்ல யாரு யாரு எங்க இருக்கறாங்கன்னு மட்டும் மனசுல வச்சிகினே இரு. நைனா எங்க? கொல்லையில. அம்மா? அடுப்பங்கரையில. வாசக்கதவு தொறந்து கீதா, சாத்தி கீதா? அத விடாம பாத்துகினே இரு." பெண்ணுக்கு அது விளையாட்டாகப் பிடித்துப்போயிற்று. அடுத்த ஷாட்டில் அவள் சோறு தின்றாள், அவ்வளவுதான் செய்தாள். ஆனால் அடுப்பங்கரையில் கரண்டி விழுந்த சத்தத்துக்கு அவள் கண் மட்டும் ஒருமுறை போய்விட்டு வந்தது. தோழன் கேமராவிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தான். பதினோரு வருடம் ஒரே பாயில் படுத்தவளை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் பார்த்ததுபோல இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் செருப்பைக் காணோம்.

பழைய செருப்பைப் போலவே தேடிப் பிடித்து, ஊக்கு குத்தி வைத்திருந்தோம். முந்தின நாள் ஷாட்டெல்லாம் அதோடுதான் எடுத்திருந்தோம். சாயங்கால ரயிலுக்குக் கேமரா சென்னை திரும்பியாக வேண்டும். அது இல்லாவிட்டால் படமே இல்லை. வாசலில் அதைக் கழற்றி வைத்திருந்த இடத்தில் பளபளவென்று ஒரு புது ஜோடி இருந்தது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நைனா பணி ஓய்வுக்குப் பின் வந்த இடுப்புவலியையும் மறந்து கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தார். பாவா மொட்டைமாடிக்கு ஏறினார். தோழன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அம்மா அரிசி டிரம்மை நகர்த்தினாள்.

அக்கா மட்டும் தேடவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று எங்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரித்தாள். சிரிப்பு முற்றி, குழந்தையோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். "அன்னிக்கும் இப்பிடித்தான்" என்றாள். "அதே டிரம்மு. அதே கட்டிலு."

என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அக்கா, அன்னிக்கு ஒளிச்சி வச்சது நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

"ஆங், தெரியும். மத்தவங்கல்லாம் தேடுனாங்க. நீ மட்டும் நேரா வெறகுகிட்ட போன."

தேடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். தெரிந்தும் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவள் சாவகாசமாகச் சொன்னாள். அந்த ஊக்கு அவளைப் பெற்ற அம்மாவுடையது. அம்மா வளையலிலிருந்து கழற்றிக் குத்திவிட்டது. எனக்கு அது தெரியவே தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி படத்தில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். "முன்ன இருந்த வூட்லல்லாம் ஒரு பொருள் காணலன்னா என்னத்தான் கேப்பாங்க. எங்க வச்ச, எட்த்தியான்னு. இங்க என் பொருளு காணல. அதுக்கு எல்லாரும் தேடுனீங்க. நைனா கட்டிலுக்கு அடியில பூந்தாரு. அத பாத்துகினே ஒக்காந்திருந்தேன். சரி, இந்த வூட்ல இருந்துடலாம்னு தோணுச்சி." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "அதுக்கப்பறம்தான் ப்ளேட எட்த்தேன்."

"என்ன ப்ளேடு?" என்றாள் அம்மா.

"இவ செருப்புக்கு அடியில இருந்த குமிழ சுத்தி செதுக்கிட்டேன்மா. தெனம் கொஞ்சம் கொஞ்சமா. எட்டு நாள் ஆச்சி பிஞ்சிக்க." சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்பது வயதுப் பெருமை. "போறவளா இருந்தா எதுக்குமா பழி வாங்கப் போறேன்? இருக்கப் போறவதான் சண்ட போடுவா."

அம்மா டிரம்மின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப அன்னிக்கு வாசல்ல நின்னு அம்மான்னு கூப்ட்டது?"

"பின்ன என்ன சொல்றது? நான்தான் அறுத்தேன்னா? உன் மேல ஒரு அம்மாவ போட்டேன். நீ செருப்ப பாக்கவே இல்ல."

பிறகு அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனேடி!" என்று கத்தியவள், அதே மூச்சில் சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பை நான் வேறெங்கும் கேட்டதில்லை. சிரித்து முடித்து முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நானும் சொல்லிட்றேன்" என்றாள். பழைய செருப்பைக் காலையில் காகிதத்தில் சுற்றித் தெருமுனைக் குப்பையில் போட்டது அவள்தான். "நம்ம வூட்ல வளந்த பொண்ணு ஊக்கு குத்துன செருப்போட நடந்தான்னு நாலு பேரு படத்துல பாத்தா என்னா பேசுவாங்க? எத்தினி ஜோடி வாங்கிக் குடுத்தேன்!" இவ்வளவு நேரம் எங்களோடு சேர்ந்து டிரம்மை நகர்த்தியது வெட்கத்தில்தானாம். பாவா வண்டியைக் கிளப்பிக்கொண்டு நகராட்சி டிராக்டரைத் துரத்தினார். பஸ் ஸ்டாண்டு அருகே மடக்கி, வாழைப்பழத் தோலோடு செருப்பை மீட்டுக்கொண்டு வந்தார். ஊக்கு பத்திரமாக இருந்தது.

கதையை நான் அந்த வாசற்படியிலேயே திருத்தினேன். ஆறு ஜன்னலையும் எடுத்தேன். பொறாமைக்காரத் தங்கை ஒருத்தியைச் சேர்த்தேன். அவளாக நடிக்க எதிர்வீட்டுக் குட்டி கிடைத்தாள். வீடே தேடுகிற காட்சிக்கு நைனாவும் அம்மாவும் ஒத்திகை இல்லாமலே நடித்தார்கள். பாவா மட்டும் கேமராவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியாக, பூக்காரம்மா மகள் கொல்லைப்புறத்தில் குந்தி உட்கார்ந்து, நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு, தங்கையின் செருப்பைக் கவிழ்த்துப்போட்டு ப்ளேடால் செதுக்கினாள். முனை மழுங்கடித்த ப்ளேடுதான் என்றாலும் அக்கா பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு இருந்தாள். வெளியே ஒரு காவடி போயிற்று. "அரோகரா" சரியாக அந்தக் குமிழ் அறுபடும் நேரத்தில் வந்து விழுந்தது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

கல்லூரியில் படத்தைத் திரையிட்ட அன்று அம்மா, நைனா, அக்கா, பாவா நால்வரும் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். சிறுமி ப்ளேடை எடுத்தபோது அரங்கம் விசிலடித்தது. தங்கை செருப்பு பிய்ந்து அழ, இவள் அவளை இழுத்துக்கொண்டு வந்து, ஒன்றுமே தெரியாத முகத்தோடு வாசலில் நின்று "அம்மா!" என்றாள். கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் படத்தில் எங்கள் அம்மாவே ஓடிவந்து, செருப்பைப் பார்க்காமல், அவள் முகத்தையே பார்த்து நின்றாள். இருட்டில் திரும்பிப் பார்த்தேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள், அம்மா அழுதுகொண்டிருந்தாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட எனக்குப் பெரிய பரிசு அன்றைக்கு யாரும் தரவில்லை. உண்மையிலேயே வேறு பரிசு எதுவும் கிடைக்கவில்லை, முதல் பரிசு ஒரு பேய்ப் படத்துக்குப் போயிற்று.

அசல் செருப்பு என்ன ஆயிற்று என்று ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். "கால் வெளிய வந்துடுச்சி. ஒரு போகிக்கு நெருப்புல போட்டுட்டேன். ஊக்க மட்டும் கழட்டி வச்சிகினேன்" என்றாள்.

போன மாதம் பள்ளிப்பட்டுக்குப் போய் அவளோடு நான்கு நாள் இருந்தேன். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். அவள் வீட்டு வாசலில் செருப்பெல்லாம் கன்னாபின்னாவென்று கிடந்தன. ஊருக்குப் போனால் நானும் ரப்பர் செருப்புதான். இரண்டாம் நாள் ஏதோ பேச்சில் எனக்கும் அவளுக்கும் சண்டை வந்து, அரைநாள் முகம் கொடுக்காமல் இருந்தோம். கிளம்பும் அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாகத் தெருவில் இறங்கினேன். பத்தடி போகவில்லை, இடது செருப்பின் வார் பிடுங்கிக்கொண்டது. அப்படியே நின்று திரும்பிப் பார்த்தேன். வாசலில் நின்றிருந்த அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "நான் இல்லடி! சத்தியமா இந்த தபா நான் இல்ல!"

நடுத்தெருவில் இருவரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அவள் வந்து, குனிந்து, என் செருப்பைத் திருப்பிக் குமிழைத் துளைக்குள் தள்ளினாள். வளையலில் இரண்டு ஊக்குகள் தொங்கின. ஒன்று புதிது, மற்றது கறுத்துப் பழசாகிப்போனது. புதிதைக் கழற்றிக் குத்திவிட்டாள். என் கண் பழசின் மேல் இருந்ததைப் பார்த்துவிட்டு, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அத கேக்காத. அது எனுது."

வீட்டுக்கு வந்து அந்தச் செருப்பை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தேன், நடிகையின் செருப்புக்குப் பக்கத்தில். வைப்பதற்கு முன் ஒருமுறை கவிழ்த்து, குமிழின் ஓரத்தை வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன். தேய்ந்துபோன ரப்பர்தான், ப்ளேடு பட்ட தடம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்.